35-க்கு மேலும் கேளுங்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

நகரத்தில் பேர்பெற்ற ஓர் உதவிபெறும் பள்ளியிலும், பிறகு தேர்ச்சிப் பட்டியலில் எப்போதும் பின்வரிசையில் நின்ற ஓர் அரசுப் பள்ளியிலும் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவன் நான். சமச்சீர் கல்வி வந்த பிறகு இரண்டு இடத்திலும் பாடநூல் ஒன்றுதான். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு வரும் என்று ஆசிரியர் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் முடிவுதான் வேறு.

ஒளியியல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பள்ளியில் குவிலென்சை ஜன்னலுக்கு நேரே பிடித்து, வெளியே நிற்கும் மரம் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழுவதைக் காட்டிய பிறகே கதிர்ப்படம் வரைவோம். "பொருளை லென்சுக்கு ரொம்பக் கிட்டே வெச்சா என்ன சார் ஆகும்?" என்று ஒருவன் கேட்டால் அடுத்த பீரியடும் அதிலேயே போகும். யாரும் குறை சொன்னதில்லை. இரண்டாவது பள்ளியிலும் லென்ஸ் இருந்தது, பூட்டிய அலமாரிக்குள். அங்கே அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் 'மெல்லக் கற்போர்' பெயர்ப்பட்டியல் தயாராகிவிடும். அதில் உள்ளவர்களுக்கு 'மினிமம் மெட்டீரியல்' என்று சில ஜெராக்ஸ் பக்கங்கள். அவற்றைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்க வேண்டும். கேள்வி கேட்டால், "அதெல்லாம் உனக்கு வராதுப்பா, இதை மட்டும் படி" என்பதே பதில். செய்முறையில் 15, எழுத்துத் தேர்வில் 20, ஆகத் தேர்ச்சிக்கு 35 என்ற கணக்கைப் பிள்ளையின் முன்னாலேயே போட்டுக் காட்டுவார்கள்.

அப்படிச் சொல்கிற ஆசிரியர் அக்கறை இல்லாதவர் அல்லர். இருட்டும்வரை சிறப்பு வகுப்பு வைத்து, சொந்தக் காசில் பிஸ்கெட் வாங்கிக் கொடுப்பவரும் அவர்தான். அவரை அப்படிப் பேச வைப்பது தேர்ச்சி விழுக்காட்டின் நெருக்கடி. மாநில முதலிடம் யார் என்று அறிவிப்பதை 2017-இல் அரசு நிறுத்தியது; மிக நல்ல முடிவு. ஆனால் மாவட்டவாரித் தேர்ச்சி விழுக்காடு இன்றும் வெளியாகிறது. அந்த நெருக்கடி மாவட்டத்திலிருந்து தலைமை ஆசிரியருக்கும், அவரிடமிருந்து பாட ஆசிரியருக்கும், கடைசியில் கடைசி பெஞ்சுக்கும் வந்து சேர்கிறது.

ஆனால், தேர்ந்தெடுத்த பிள்ளைகளுக்கான மாதிரிப் பள்ளிகளில் உங்கள் துறையே வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அங்கே படிப்பவர்களும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள்தாம். ஐ.ஐ.டி. வரை போகலாம் என்று அவர்களிடம் சொல்கிறோம். சிலர் போயும் காட்டுகிறார்கள். அதே தெருவில் தேர்வாகாமல் நின்ற பிள்ளையிடம் 35-ஐப் பற்றி மட்டுமே பேசுகிறோம். இது அநீதி.

தேர்ச்சி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆனால் பத்துக் கேள்விகளை மனப்பாடம் செய்து தேறியவன் பதினோராம் வகுப்பில் இயற்பியல் எடுத்தால் முதல் மாதத்திலேயே திணறுகிறான். அப்போது, "நான்தான் சொன்னேனே" என்று அவனையே குற்றம் சொல்கிறோம்.

ஆய்வுக் கூட்டங்களில் விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், ஆய்வகத்தை இந்த மாதம் எத்தனை முறை திறந்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். மெல்லக் கற்போர் பட்டியலை வகுப்பில் வாசிப்பதைத் தடை செய்யுங்கள். அறிவியல், கணித ஆசிரியர் காலியிடங்களை நிரப்பும்போது பின்தங்கிய பள்ளிகளிலிருந்து தொடங்குங்கள். மாதிரிப் பள்ளி ஆசிரியர்களை ஆண்டுக்குச் சில வாரங்களாவது இந்தப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். இங்குள்ளவர்கள் அங்கே போய்ப் பார்த்து வரட்டும். வரும் கல்வியாண்டின் முதல் ஆய்வுக் கூட்டத்திலேயே இவற்றைத் தொடங்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியர்