நாடற்றோருக்கு இடமில்லாத ஆடுகளம்

வரலாற்றைத் திருத்திப் பார்க்கும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. 1505இல் லொரென்சோ டி அல்மெய்தாவின் கப்பல்களைக் காற்று இலங்கைக் கரைக்கு ஒதுக்காதிருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க – செல்வநாயகம் உடன்படிக்கை மறு ஆண்டிலேயே கைவிடப்படாதிருந்தால் நாட்டின் கதி என்னவாகியிருக்கும்? இவ்வாறு வினவாத வரலாற்று மாணவரைக் காண்பது அரிது. 1961இல் வெளிவந்த ‘வரலாறு என்றால் என்ன?’ என்னும் நூலில் ஈ. எச். கார் இத்தகைய வினாக்களை வரவேற்பறைப் பொழுதுபோக்கின் வரிசையில் வைத்து ஒதுக்கினார். அவர் ஏளனமாகச் சொன்னது இன்று நேர்ப்பொருளிலேயே மெய்யாகியுள்ளது. சுவீடன் நாட்டின் பாரடொக்ஸ் நிறுவனம் 2013இல் ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ என்பதையும், 2016இல் ‘ஹார்ட்ஸ் ஒப் அயன் 4’ என்பதையும், 2022இல் ‘விக்டோரியா 3’ என்பதையும் வெளியிட்டது. மாற்று வரலாற்றைப் பலர் கூடி ஆடும் பெருந்தந்திர விளையாட்டுகள் இவை. உலகப் படம் முழுவதும் இங்கே ஆடுகளம். நூற்றாண்டுகள் சில மாலைப்பொழுதுகளிற் கழிந்துவிடும்.

இவ்விளையாட்டை அறியாத வாசகர்க்கு அதன் இயல்பைச் சிறிது கூறல் வேண்டும். ஒருவர் பிரித்தானியாவை ஏற்பார், மற்றொருவர் பிரசியாவை, வேறொருவர் ஒட்டோமன் பேரரசை அல்லது யப்பானை. வாரத்தில் ஒரு நாள், குறித்த மணிக்குக் கூடுவர். இத்தனை ஆண்டு கழியும்வரை எவரும் எவர்மீதும் படையெடுத்தலாகாது என்பது போன்ற விதிகளைத் தமக்குள் வகுத்துக்கொள்வர். வெளிப்படையாக ஒரு கூட்டணி, மறைவில் அதற்கு எதிரான இன்னொரு கூட்டணி என உடன்பாடுகள் பெருகும். ஒருவர் வராதுபோனால் அவர் நாட்டைக் கணினியே நடத்தும். மாதக்கணக்கில் நீளும் இவ்வாட்டங்களிற் போர் பொய்யானதாயினும் பகைமை மெய்யானது. ஒரே விடுதி அறையிற் படுத்தெழும்புவோர், பேர்லினைப் பிடித்தவர் யார் என்ற வழக்கினால் ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாதிருந்ததும் உண்டு. (நமது சங்கத் தேர்தல்களை நோக்க இது தீங்கு குறைந்தது என வாதிடுவாரும் உளர்.)

இவற்றை ஆதரிப்போர் கூறும் நியாயம் அற்பமானதன்று. 1824இல் ரைஸ்விட்ஸ் என்னும் இளம் அதிகாரி பிரசியப் படைத்தலைமைக்கு ஒரு போர் விளையாட்டை அளித்தார். அப்படையின் அதிகாரிகள் அதிற் பயின்றனர். 1959இல் அமெரிக்கரான அலன் கல்ஹாமர் வெளியிட்ட ‘டிப்ளொமசி’யிற் பகடைக் காய்க்கு இடமில்லை, ஏழு ஐரோப்பிய வல்லரசுகள், வாக்குறுதி, வாக்குத் தவறுதல், இவ்வளவே. இம்மரபில் வந்த கணினி விளையாட்டுகள் இராசதந்திரத்தையும் வரலாற்றையும் கற்பிக்கின்றன என்பர். சிலேசியா எங்குள்ளது என்பதை விரிவுரைகளிற் கற்றதைவிட இவ்விளையாட்டிலேயே நன்கு கற்ற மாணவர் நம்மிடையே இருப்பது, விரிவுரையாளருக்கு உவப்பில்லாவிடினும் உண்மையே. ஆயின் கற்பிக்கப்படுவது எத்தகைய வரலாறு? யாருடைய இருக்கையிலிருந்து பார்க்கும் வரலாறு?

தொடக்கத் திரையில் விளையாடுவோன் முதலிற் செய்யவேண்டியது ஒரு நாட்டைத் தெரிவதாகும். அதன் பின்னர் எதனையும் மாற்றலாம். பிரான்சில் மன்னராட்சியைத் திரும்பக் கொணரலாம், பிரித்தானியப் பேரரசைச் சிதறடிக்கலாம். மாற்ற முடியாதது ஒன்றே: மேசையில் அமர வேண்டுமாயின் அரசாக இருத்தல் வேண்டும். எல்லாவற்றையும் மாற்றிக் காட்டுவதாகப் பறைசாற்றும் விளையாட்டு, வரலாற்றின் மிகப் பழைய அநீதியை விதியாகவே ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது. இதனைக் கற்பனை வளம் என்று கொண்டாடுவோர், நாடற்றவன் எந்தப் பெயரைத் தெரிவான் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததில்லை.

நாடற்றவன் என்பது மலைநாட்டாருக்கு உருவகம் அன்று; சட்டம் சூட்டிய பெயர். தலவாக்கலையை அடுத்து வரும் புகையிரத நிலையம் வட்டகொடை. அதனைச் சூழ்ந்த தோட்டங்களுள் ஒன்றான மடகொம்பரையில் 1914இற் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பிற் பாராளுமன்றம் சென்ற எழுவருள் அவரும் ஒருவர். தலவாக்கலை அவரது தொகுதி. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தை இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது அச்சட்டம். லயத்திற் பிறந்து, பேர் பதிந்து, பெரட்டில் நின்று, லயத்திலேயே கண்மூடியவனின் பிறப்புக்குப் பத்திரம் வைத்திருந்தோர் எத்தனை பேர்? 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952இல் அக்காங்கிரசின் சார்பில் ஒருவர்தாமும் தெரிவாகவில்லை. 1977இலேயே சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் வென்று இருபத்தைந்தாண்டு வெறுமையை முடித்தார். வேலுப்பிள்ளையின் நூலொன்று ‘நாடற்றவர் கதை’ என்னும் பெயருடையது. ஒரு தொகுதியின் பிரதிநிதியாகச் சபையிலிருந்தவர், தமக்கு வாக்களித்த மக்களைக் குறிக்க இச்சொல்லையே கையாள நேர்ந்தது.

இனிப் பெருந்தந்திர விளையாட்டு ஒன்று மெய்யாகவே ஆடப்பட்டதைக் காண்போம். 1964 ஒக்ரோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தனர். நாடற்றோர் தொகை 9,75,000 எனக் கணிக்கப்பட்டது. இவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசப்படும். இந்தியாவுக்கு எழுவர் போக, இலங்கையில் நால்வர் குடியுரிமை பெறுவர். பதினைந்து ஆண்டில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். எழுவருள் அண்ணனும் நால்வருள் தம்பியும் அகப்பட்டால் என் செய்வதென்பது எண்களின் கவலையன்று. சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதல் கேட்கப்படவுமில்லை. மிச்சமிருந்தோர் கணக்கு 1974இல் தீர்க்கப்பட்டது: ஆளுக்கு எழுபத்தையாயிரம். கச்சதீவின் கணக்குத் தீர்க்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. ஒரே ஆண்டில் ஒரு தீவும் ஒன்றரை இலட்சம் மனிதரும்! தீவைப் பற்றி இன்றும் தமிழகத்தில் மேடைதோறும் பேசுகின்றனர். மனிதரைப் பற்றிப் பேசுவோர் எத்தனை பேர் என்பதை வாசகரே கணிப்பாராக.

ஆயின் காய்கள் சொன்னபடி நகரவில்லை. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோர் ஐந்தேகால் இலட்சத்தை எட்டவில்லை. சென்றவர்கள் தலைமன்னார் வழியே கடல் கடந்து, கூடலூரிலும் கோத்தகிரியிலும் மீண்டும் கொழுந்தெடுத்தனர். அவர்களைக் குடியமர்த்தவே தமிழ்நாடு அரசு நீலகிரியில் ‘டான்டீ’ தோட்டங்களை அமைத்தது. இங்கே கள்ளத்தோணி எனப்பட்டவர் அங்கே சிலோன்காரர் ஆயினர். 1984இற் கப்பற் சேவை நின்றபோது இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே பல்லாயிரவர் தோட்டங்களிற் தங்கிவிட்டனர். ஈற்றில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்ரோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்தோருக்கும் அவர் வழித்தோன்றலுக்கும் குடியுரிமை வழங்கியது. இரு அரசுகளும் வகுத்த திட்டத்தைத் தோல்வியுறச் செய்த பெருங் காரணிகளுள் ஒன்று, போக மறுத்து லயத்துக் காம்பறாவிலேயே இருந்துவிட்ட மனிதனின் பிடிவாதம். இப்பிடிவாதத்தை எந்த மென்பொருளில், எந்தப் பொத்தானை அழுத்திக் காண்பது?

‘விக்டோரியா 3’ இவ்வகையில் விதிவிலக்கு என்பர் சிலர். அவர்கள் கூற்றை நேர்மையாக ஆராய்தல் வேண்டும். அவ்விளையாட்டின் காலம் 1836 முதல் 1936 வரையிலான நூறாண்டு. நம் மலைநாட்டின் நூறாண்டும் அதுவே: கோப்பித் தோட்டங்கள் பெருகியதும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதும், 1869இல் கோப்பி இலையிற் துருநோய் கண்டதும், காடழித்துத் தேயிலை மலைமலையாகப் பரந்ததும் இக்காலத்திலேயே. அங்கே மக்கள் தொழில், பண்பாடு, மதம் என வகுக்கப்பட்டுக் கணக்கெடுக்கப்படுகின்றனர். தேயிலைத் தோட்டம் உண்டு, கூலியாள் உண்டு, அவனது வாழ்க்கைத் தரத்துக்கு ஓர் எண், அவனது மனக்குமுறலுக்கும் ஓர் எண். இத்துணை நுணுக்கம் பாராட்டுக்குரியதே. ஆயினும் அந்தக் குமுறல் யாருடைய பார்வைக்காகக் கணிக்கப்படுகிறது? நாட்டை நடத்துபவன் பார்வைக்காக. எண் உயர்ந்தால் அவன் சிறிது விட்டுக்கொடுப்பான், தாழ்ந்தால் போருக்குப் போவான். தோட்டத்தில் துரையும் கணக்கப்பிள்ளையும் செக்ரோலைப் புரட்டிப் பார்த்தது போன்ற பார்வை இது. கங்காணியிடம் வாங்கிய முற்பணத்துக்காகத் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறிய தொழிலாளி, 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை ஒரு துண்டுச் சீட்டிற் கட்டுண்டு கிடந்தான். அச்சீட்டின் பக்கத்திலிருந்து இந்நூறாண்டைப் பார்க்கும் இருக்கை அங்கே இல்லை.

‘ஹார்ட்ஸ் ஒப் அயன்’ பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1936இற் தொடங்கும் அதில் மனிதர் ஆட்பலம் என்னும் ஒற்றைத் தொகை. போர் முடிந்ததும் வென்றோர் சமாதான மாநாட்டிற் கூடித் தத்தம் பங்களிப்புக்கேற்ப நிலத்தைப் பகிர்வர். யூத இனப்படுகொலையை அதன் ஆக்கியோர் வேண்டுமென்றே விலக்கிவைத்தனர். அதனை விளையாட்டுப் பொருளாக்காமை நற்செயலே. ஆயின் விளைவு யாது? அக்காலத்தின் மாபெருங் கொடுமை நீங்கிய போர், அழகிய அம்புக்குறிகளாய் எஞ்சுகிறது. அவ்வாட்டத்தின் 1940 சனவரி பலருக்குப் பொறுமையிழக்கச் செய்யும் மாதம். போலந்து வீழ்ந்துவிட்டது, பிரான்சின் எல்லையிற் பெரும்போர் இன்னும் தொடங்கவில்லை. அம்மாதத்திலேதான் முல்லோயாத் தோட்டத்திற் கூலி உயர்வு கேட்டு நின்ற தொழிலாளருள் கோவிந்தன் பொலிசாரின் சூட்டுக்குப் பலியானான்.

நிலம் நிறம் மாறுவதும் இவ்விளையாட்டுகளில் ஒரு கணத்தில் முடிந்துவிடும். 1977 மேயில் நுவரெலியா மாவட்டத் தோட்டங்களில் 7,000 ஏக்கரைப் பிரித்து வெளியாருக்கு வழங்க அரசு முற்பட்டது. டெவன் தோட்டத்தில் அதனை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் அம்மாதம் 11ஆந் திகதி சுட்டுக்கொல்லப்பட்டான். அத்திட்டம் கைவிடப்பட்டது. வட்டகொடையிலிருந்து அத்தோட்டம் வெகுதூரமன்று. பெருந்தந்திரத்தின் ஒரு நகர்வைத் தடுத்தவன் எந்த அரசின் தலைவனுமல்லன். அவனுக்கு ஒரு படையணியுமில்லை.

மாற்று வரலாற்றையே வேண்டாமென்பது நமது நிலைப்பாடன்று. கார் அவ்வாறு எண்ணியிருக்கலாம். வென்றவர் கட்சியிலிருப்போருக்கு அது எளிது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் விதியின் விளைவன்று, சபையிற் கையுயர்த்தி நிறைவேற்றப்பட்டது என்று காட்டுவதற்கு, ‘நிறைவேற்றப்படாதிருந்தால்’ என்னும் வினா நமக்கு இன்றியமையாதது. அந்த ஏழு உறுப்பினர் எழுபதாகாவிடினும் ஏழாகவேனும் தொடர்ந்திருந்தால், தோட்டப் பாடசாலையும் லயமும் காணியும் இன்றிருக்கும் நிலையில் இருந்திருக்குமா? இவ்வினாவைக் கேட்கத் துணியாமல், 1444இல் கோட்டே அரசைக் கையிலெடுத்து, ஆறாம் பராக்கிரமபாகுவுக்குப் பதிலாக நாமே யாழ்ப்பாணத்தைப் பிடித்தோம் என்றோ, யாழ்ப்பாணத்திலிருந்து கோட்டேயைப் பிடித்தோம் என்றோ மார்தட்டுவதில் என்ன மாற்றம் இருக்கிறது? நடந்த சண்டையையே கட்சி மாறி நடத்துவது அது. இங்கு நம்மவர் குற்றமும் உண்டு. தோட்டக்காட்டான் என்ற சொல்லைச் சிங்களப் பேரினவாதி மட்டும் வழங்கவில்லை. தமிழரசர் வரைபடத்தில் மலைநாட்டுக்கு நிறந்தீட்ட நாம் மறந்தமையும் கணினி கற்பித்ததன்று.

வலியோனை மட்டும் ஆடவைப்பதே விளையாட்டின் இயல்பு என்று சொல்ல முடியாது. நம் ஊர்களிற் கல்லிற் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலியாட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாவி ஆட்டைக் கொல்லும். ஆடோ எதனையும் கொல்லாது. ஆனால் ஆட்டின் பக்கத்திலும் ஒருவன் அமர்கிறான். புலி நகர இடமின்றி அடைப்பதே அவன் வெற்றி. படிப்பறியாதோர் மண்ணிற் கீறி ஆடிய ஆட்டத்துக்கு இருந்த இந்தக் கற்பனை, இத்தனை பொருட்செலவிற் சுவீடனில் ஆக்கப்பட்டவற்றுக்கு வாய்க்கவில்லை. தலவாக்கலைத் தொகுதியையே களமாக, 1947ஐயே தொடக்கமாக வைத்து, வாக்கிழந்தோர் பக்கம் ஒருவரை அமர்த்தி ஓர் ஆட்டம் வகுத்தல் இயலாததா? கணினித் துறையிற் பயிலும் மலையக மாணவர் இன்று பல்கலைக்கழகங்களில் உள்ளனர். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் வந்த வழியே நடந்தவர்களுள் இளைஞரும் இருந்தனர். அவர்களுள் எவரேனும் இதற்கு முன்வருவாராயின், அவ்வாட்டத்தின் முதல் விதியை மட்டும் நாம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வோம்: கொழும்பையும் டில்லியையும் கணினியிடம் விட்டுவிடுக.