71-0 என்று முடிந்த ஆட்டத்தை எப்படி எழுதுவது? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் சின்ன அணிகளும் அவற்றைப் பற்றிய செய்திகளும்

2024 செப்டம்பர் 14. டென்னசி பல்கலைக்கழக மைதானம், ஒரு லட்சம் பேர் உட்காரக்கூடிய அரங்கு. எதிரணி, ஒஹையோ மாநிலத்திலிருந்து வந்த கென்ட் ஸ்டேட். முடிவு 71-0. அடுத்த சனிக்கிழமை அதே கென்ட் ஸ்டேட் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய் 56-0 எனத் தோற்றது. இரண்டே வாரத்தில் 127 புள்ளிகளைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றி முந்தின நாள் ஒரு முன்னோட்டமும் மறுநாள் ஓர் ஆட்டச் செய்தியும் எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்? "பலம் வாய்ந்த டென்னசி, பலவீனமான கென்ட் ஸ்டேட்டை வீழ்த்தியது." அவ்வளவுதானே? பெரும்பாலான இடங்களில் அவ்வளவுதான் வந்தது. எனக்குப் பிரச்சினையாகத் தெரிவது அதுதான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இங்கே ஃபுட்பால் என்பது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, மோதி ஆடும் அமெரிக்க ஆட்டம். கல்லூரி அணிகள் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் கூட்டணிகளாகப் பிரிந்திருக்கும். பெரிய கூட்டணிகளிடம் பணம் கொட்டிக் கிடக்கிறது. 'பிக் டென்' கூட்டணி 2022-ல் போட்ட ஏழு ஆண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல் என்று செய்திகள் வந்தன. கென்ட் ஸ்டேட் இருப்பது 'மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ்', சுருக்கமாக மேக். 1946-ல் தொடங்கியது, தலைமையகம் கிளீவ்லாந்தில். டொலீடோ, அக்ரன், போலிங் கிரீன், ஒஹையோ, மயாமி என்று ஒஹையோ மாநிலத்திலிருந்து மட்டும் ஆறு அணிகள். (மயாமி என்றதும் ஃபுளோரிடா கடற்கரை நினைவுக்கு வரும். இது வேறு. இந்த மயாமி ஒஹையோவில் இருக்கும் பழைய பல்கலைக்கழகம்.) 2024-ல் மிச்ச அணிகள் மிச்சிகன், இண்டியானா, இல்லினாய், நியூயார்க் பக்கம் இருந்தன.

சரி, தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே ஏன் டென்னசிக்குப் போக வேண்டும்? பணத்துக்காக. பெரிய பல்கலைக்கழகம் தன் சொந்த மைதானத்தில் சுலபமாக ஒரு வெற்றி வேண்டும் என்று சின்ன அணியைக் கூப்பிட்டு, வருவதற்கு ஒரு தொகை கொடுக்கும். சின்ன அணியின் விளையாட்டுத் துறை அந்தத் தொகையில் ஓடும். டிக்கெட் விற்பனையை நம்பி அக்ரனோ கென்ட்டோ பிழைக்க முடியாது. எனவே 71-0 என்பது ஆட்டத்தின் முடிவு மட்டுமில்லை, ஒரு வியாபாரத்தின் ரசீதும்கூட. இதைச் சொல்லாத முன்னோட்டம் வாசகரிடம் பாதியை மறைக்கிறது என்பேன்.

ரசீது கிழிந்த நாள்

அதற்கு ஒரு வாரம் முன்னால், செப்டம்பர் 7. இண்டியானாவின் சவுத் பெண்ட் நகரில் நோட்டர் டேம் அணி. தேசியத் தரவரிசையில் 5-ஆம் இடம். அழைத்து வந்த விருந்தாளி மேக் கூட்டணியின் நார்தர்ன் இல்லினாய். கொடுத்த தொகை 14 லட்சம் டாலர். நோட்டர் டேம் 28 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பது பந்தய நிறுவனங்களின் கணக்கு. முன்னோட்டங்கள் எல்லாம் அந்த 28-ஐச் சுற்றியே வந்தன.

என்ன நடந்தது? முதல் பாதியில் குவார்ட்டர்பேக் வீசிய பந்தைப் பிடித்து ஓட்டக்காரர் அன்டாரியோ பிரவுன் 83 யார்டு ஓடி டச் டவுன் அடித்தார். நோட்டர் டேம் 14-13 என முன்னிலைக்கு வந்தது. கடைசிக் கட்டத்தில் நோட்டர் டேம் வீசிய பந்தை நார்தர்ன் இல்லினாய் இடைமறித்துப் பிடித்தது. அவசரப்படாமல், கடிகாரத்தைக் கரைத்துக்கொண்டே முன்னேறி, 31 விநாடி மிச்சமிருக்கையில் 35 யார்டிலிருந்து ஃபீல்டு கோல். 16-14. நோட்டர் டேம் கடைசியாக முயன்ற 62 யார்டு உதையையும் தடுத்துவிட்டார்கள். முன்பு இதே கல்லூரிக்காக ஆடிய பயிற்சியாளர் தாமஸ் ஹாமக் கேமரா முன் அழுதார். தரவரிசையின் முதல் ஐந்தில் உள்ள ஓர் அணியை மேக் அணி ஒன்று வென்றது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வந்த செய்திகளில் பெரும்பாலானவற்றின் எழுவாய் நோட்டர் டேம்தான். 'நோட்டர் டேம் அதிர்ச்சித் தோல்வி', 'நோட்டர் டேமுக்கு என்ன ஆச்சு?' என்கிற ரகம். ஜெயித்தவன் யார், எப்படி ஜெயித்தான் என்பது அப்புறம்தான். மொத்த யார்டு கணக்கிலும் நார்தர்ன் இல்லினாய்தான் முன்னால் இருந்தது. அது அதிர்ஷ்டம் இல்லை, மூன்றரை மணி நேரம் நன்றாக ஆடிய ஆட்டம். நோட்டர் டேம் அதன்பின் தொடர்ந்து ஜெயித்து, 2025 ஜனவரியில் தேசிய இறுதியாட்டம் வரை போனது. சீசன் முழுக்க அந்த ஆட்டம் நோட்டர் டேமின் 'மீண்டெழுந்த கதை'யில் முதல் அத்தியாயமாகவே சொல்லப்பட்டது. நார்தர்ன் இல்லினாய்? ஒரு வாரம் ஓய்வெடுத்து, சொந்த மைதானத்தில் தன் கூட்டணியைச் சேர்ந்த பஃபலோவிடம் கூடுதல் நேரத்தில் 23-20 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தை எத்தனை பேர் எழுதினார்கள்? என் கணக்கில், மேக் கூட்டணியைப் புரிந்துகொள்ள இரண்டில் முக்கியமானது இதுதான். நோட்டர் டேமை ஜெயித்த அணியைத் தோற்கடிக்கும் அளவுக்கு இந்தக் கூட்டணிக்குள் அணிகள் நெருக்கமாக இருக்கின்றன. இங்கே யாரும் யாரையும் ஜெயிக்கலாம்.

போன வருஷக் கணக்கு உதவாது

முன்னோட்டம் எழுதுகிறவர்கள் போன வருஷத்தை வைத்துத்தான் எழுதுகிறார்கள். வேறு என்ன செய்வது என்று கேட்கலாம். ஆனால் சின்னக் கூட்டணியில் அந்தக் கணக்கு அடிக்கடி கவிழ்கிறது. நார்தர்ன் இல்லினாய் 2020-ல் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. 2021-ல் அதே அணிதான் மேக் சாம்பியன்.

இப்போது இன்னும் மோசம். வீரர்கள் கல்லூரி மாறுவது சுலபமாகிவிட்டது. 2021 ஜூலை முதல் விளம்பரப் பணம் வாங்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் பகிரலாம்; 2025-26-ல் அதன் உச்சவரம்பு 2.05 கோடி டாலர். அந்த உச்சவரம்பைத் தொடும் வசதி மேக் அணிகளுக்கு எங்கே இருக்கிறது? இங்கே ஒருவன் தேறினால் பெரிய கூட்டணி அவனைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஒஹையோ பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் கர்டிஸ் ரூர்க் 2022-ல் மேக் கூட்டணியின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர். 2024-ல் இண்டியானாவுக்குப் போனார். இண்டியானா தேசியப் பிளே-ஆஃபுக்கே தகுதி பெற்றது. ஆக, ஒஹையோவின் முன்னோட்டத்தில் என்ன எழுதுவோம்? 'நட்சத்திரம் போய்விட்டது, இந்த வருஷம் கஷ்டம்தான்.' ஆனால் அந்த வருஷம்தான் ஒஹையோ, அக்டோபரில் தன்னைத் தோற்கடித்த அதே மயாமியை டிசம்பர் 7 அன்று டெட்ராய்ட் இறுதியாட்டத்தில் 38-3 என நொறுக்கியது.

அந்த 38-3 ஸ்கோரை மட்டும் பார்த்தால் சுவாரசியமில்லாத ஒருதலை ஆட்டம். அதற்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள். ஒஹையோ கடைசியாக மேக் பட்டம் வென்றது 1968-ல். இடையில் 2006, 2009, 2011, 2016, 2022 என்று ஐந்து முறை இறுதியாட்டம் வந்தது, ஐந்திலும் தோற்றது. 2011-ல் பாதி ஆட்டத்தில் 20-0 என முன்னிலையில் இருந்துவிட்டு 23-20 எனக் கோட்டை விட்டது. 1968-ல் மாணவராக இருந்தவர் 2024-ல் எழுபது வயதைத் தாண்டியிருப்பார். இது தெரிந்த ஒருவர் எழுதினால்தான் 38-3 செய்தியாகும். தெரியாதவர் எழுதினால் வெறும் எண்.

எழுதுவது யார்?

தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். உள்ளூர்ப் பத்திரிகைகள் ஆட்களைக் குறைத்துவிட்டன. இடத்தை நிரப்ப இயந்திரம் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் இதே ஒஹையோவின் 'கொலம்பஸ் டிஸ்பாட்ச்' நாளிதழில் பள்ளி விளையாட்டுச் செய்திகளை மென்பொருள் எழுதியது. ஒரு செய்தியில் ஜெயித்த அணியின் சின்னப் பெயர் வர வேண்டிய இடத்தில், நிரப்பப்படாத வெற்றுக் குறியீடு அப்படியே அச்சாகியிருந்தது. ஊரே சிரித்தது, திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து இஎஸ்பிஎன் பெண்கள் கால்பந்து லீகின் ஆட்டச் செய்திகளை ஏஐ மூலம் எழுதத் தொடங்கியது. போதிய செய்தி கிடைக்காத விளையாட்டுகளுக்காக என்றுதான் காரணம் சொன்னார்கள். 2024 செப்டம்பர் 8 அன்று அலெக்ஸ் மோர்கன் தன் கடைசி ஆட்டத்தை ஆடினார். இயந்திரம் எழுதிய செய்தியில் அவர் ஓய்வு பெற்றதே இல்லை. ஸ்கோர் சரியாகத்தான் இருந்தது!

இதில் ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. யாருமே எழுதாமல் இருப்பதற்கு இயந்திரமாவது எழுதட்டுமே, குறைந்தபட்சம் ஒரு பதிவாவது மிஞ்சும் என்கிறார்கள். நான் இதை முழுசாகத் தள்ளமாட்டேன். யார் எத்தனை யார்டு ஓடினார் என்ற பட்டியலுக்கு மனிதர் தேவையில்லை. ஆனால் பட்டியலைப் பத்தியாக்கி அதற்குச் செய்தி என்று பெயர் வைத்துவிட்டால், 'இந்த ஆட்டத்தைத்தான் எழுதியாச்சே' என்று ஆசிரியர் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்த இடம் அதோடு அடைபட்டுவிடும்.

முன்னோட்டத்தின் கதை வேறு. அதற்கு வாசகர் இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் பலர் பந்தயக்காரர்கள். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கான தடையை நீக்கியது. ஒஹையோவில் 2023 ஜனவரி 1 முதல் சட்டப்படி பந்தயம் கட்டலாம். நவம்பர் வந்தால் மேக் அணிகள் தொலைக்காட்சிக்காகச் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடும். சனிக்கிழமை பெரிய கூட்டணிகளுடன் போட்டி போட முடியாது, எனவே வாரநாள். குளிர், மறுநாள் வகுப்பு, காலி இருக்கைகள். அந்த ராத்திரி வேறு ஆட்டமே இல்லாததால் நாடு முழுக்கப் பந்தயப் பணம் இந்தப் பையன்கள் மேல் விழுகிறது. ஒரு மாணவன் எத்தனை யார்டு ஓடுவான் என்பதற்குக்கூடக் கட்டினார்கள். கல்லூரி வீரர்கள் மீதான அந்த வகைப் பந்தயத்தை ஒஹையோ 2024-ல் தடை செய்தது. ஆனாலும் முன்னோட்டங்களின் நடை மாறவில்லை. இன்னும் முதல் வரியிலேயே புள்ளி வித்தியாசம்.

அந்த வரியில் வேறு என்ன வரலாம்? யார் போனார், யார் வந்தார். போன ஆட்டத்துக்கும் இதற்கும் நடுவில் எத்தனை நாள் இடைவெளி. எவ்வளவு பணத்துக்கு வந்திருக்கிறார்கள். பந்தயம் கட்டுபவருக்கும் இது பயன்படும், ஆனால் அவருக்காக மட்டும் எழுதியதாக இருக்காது.

கென்ட் ஸ்டேட் 2024-ல் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. முந்தின வருஷத்துக் கடைசி ஒன்பதையும் சேர்த்தால் 21 தொடர் தோல்வி. 2025 ஆகஸ்ட் 30 அன்று சொந்த மைதானத்தில், கீழ்ப்பிரிவைச் சேர்ந்த மெரிமாக் அணியை 21-17 என வென்றது. பயிற்சியாளர் பெயர் மார்க் கார்னி. கனடா பிரதமர் இல்லை, அதே பெயர். அப்போது இடைக்காலப் பொறுப்பில் இருந்தார். நாட்டின் ஸ்கோர் பட்டியலில் அது ஒரு வரி, அதிலும் யாரும் நின்று படிக்காத வரி. டென்னசியில் அந்த 71-0 அன்று களத்தில் இருந்து, பிறகு வேறு கல்லூரிக்கு ஓடிப்போகாமல், அந்த சனிக்கிழமையும் ஆடிய பையன்கள் யார் யார்? அந்தப் பெயர்களோடு தொடங்கும் ஆட்டச் செய்தி ஒன்று இருந்தால், அதைத்தான் முதலில் படிப்பேன்.