பூட்டிய வீடும் பூட்டலாகாப் பொருளும்

கொடுத்த கடனைத் திரும்பக் கேட்பது முறையே. வாங்கிய கடனைக் கொடாதிருப்பது எவர்க்கும் பெருமை தருவதன்று. வீட்டை அடைமானம் வைத்தவர் தவணை கட்டத் தவறின், அவ்வீட்டை விற்றுக் கடனை ஈடுசெய்துகொள்ளும் உரிமை கொடுத்தவர்க்கு உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் வீடு வேறு. வீட்டினுள் கிடக்கும் பொருள் வேறு. அடைமான ஆவணத்தில் எழுதப்பட்டவை மண்ணும் மனையுமே. அடுக்களைச் சோற்றுப்பானையும் பிள்ளையின் பள்ளிச் சான்றிதழும் அல்ல. அவற்றையும் உள்ளே வைத்துக் கதவைப் பூட்டி அரக்கிட்டுச் செல்வது எந்த முறையைச் சாரும்?

2002ஆம் ஆண்டில் நடுவணரசு இயற்றிய சட்டம் ஒன்றுண்டு. ஆங்கிலத் தலையெழுத்துகளால் 'சர்ஃபேசி' என வழங்குவது. முறைமன்றத்தில் வழக்குத் தொடராமலே அடைமான வீட்டைக் கைக்கொள்ளும் ஆற்றலை அது வைப்பகங்களுக்கு வழங்கியது. தவணை 90 நாள் கடந்து நின்றுபோய், கடன் வாராக்கடன் எனக் குறிக்கப்பட்டபின், 60 நாள் கெடு வைத்து அறிவிப்பு வரும். அதற்கு மறுப்பு எழுதினால் வைப்பகம் 15 நாளுக்குள் மறுமொழி தருதல் வேண்டும். அதன் பின்னரும் கடன் தீராவிடின், மாவட்ட ஆட்சியரின் ஆணையோடும் காவலர் துணையோடும் வந்து வீட்டைக் கைக்கொள்ள இயலும்.

இதே சட்டத்தின் 31ஆம் பிரிவைப் பலரும் அறியார். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், தன் 60ஆம் பிரிவில், கடனுக்காகக் கைப்பற்றலாகாத பொருள்களை வரிசைப்படுத்துகின்றது. உடுக்கும் உடை, சமைக்கும் கலம், கட்டில், படுக்கை, சமய வழக்கப்படி பெண் கழற்றலாகாத அணி, கைவினைஞனின் கருவி என்பன அவற்றுட் சில. கடனுக்கென்றே தனியாக ஈடு எழுதிக் கொடுத்தாலன்றி, இவற்றைத் தானும் தீண்டுவதில்லை என 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்புக்கொண்டுள்ளது. ஏனைய பொருள்களும் அடைமானத்தில் சேராதவையாயின் வீட்டாருடையனவே. ஆயினும் என்ன பயன்? உரிமை ஏட்டில் உள்ளது. திறவுகோல் வைப்பகத்தில் உள்ளது!

இனி, அறிவிப்பு வரும் மொழியைப் பாருங்கள். வீட்டைக் கைக்கொண்ட செய்தியை ஏழு நாளுக்குள் இரண்டு நாளேடுகளில் வெளியிட வேண்டும். அவற்றுள் ஒன்று வட்டார மொழி ஏடாதல் வேண்டும் என்று இச்சட்டத்தின் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. ஆனால் 60 நாள் கெடு வைத்துக் கையிற் கொடுக்கும் முதல் அறிவிப்பு தமிழில் இருந்தாக வேண்டுமென்று அவை கட்டாயப்படுத்தவில்லை. வீட்டைக் காத்துக்கொள்ள வாய்ப்புள்ள நாளில் ஆங்கிலம்; வீடு கைவிட்டுப்போன பின்னர்த் தமிழ்! படிக்கத் தெரியாத மொழியில் வந்த தாளை மாடத்தில் செருகி வைத்தவரிடம், "முன்னரே அறிவித்தோமே" என்பது அறமாகுமா?

போர்மேற் செல்லும் வேந்தனும் மகளிர், நோயாளர் முதலியோரைக் காப்பிடம் சேருமாறு முன்னறிவித்த பின்னரே அம்பு தொடுத்த அறத்தைப் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு பேசுகின்றது. அவ்வறிவிப்புக் கேட்டோர்க்கு விளங்கியது. விலகிச் செல்ல அவர்க்குக் காலமும் இருந்தது. பகைவர் நாட்டார்க்கு அன்று காட்டிய கண்ணோட்டம், தன் வாடிக்கையாளர்க்கு இன்று வேண்டாவா?

நாம் கேட்பவை மூன்று. முதல் அறிவிப்பு தமிழிலும் வருதல் வேண்டும். பூட்டுமுன் வீட்டாரின் முன்னிலையில் பொருட்பட்டியல் எழுதி, ஒருபடியை அவர்களிடம் தருதல் வேண்டும். பொருள்களை எடுத்துச் செல்ல நாள் குறித்துக் கதவைத் திறந்துவிடுதல் வேண்டும். இவற்றால் கடன் ஒரு காசும் குறையாது.

கடன்பட்டோரும் வாளாவிருத்தல் ஆகாது. அறிவிப்பு வந்த அன்றே படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுக. மறுப்பு இருப்பின் எழுத்தில் தருக. வீடு கைக்கொள்ளப்பட்டால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்பதை நினைவிற் கொள்க. உள்ளே சிக்கிய பொருள்களைப் பட்டியலிட்டு எழுத்தில் கேட்டு, பெற்றமைக்கு ஒப்பம் வாங்குக.

கடனுக்கு ஈடாக வைத்தது வீட்டைத்தான்; வாழ்வை அன்று.