அடுப்பும் ஒரு வரலாற்று நூலே!

"அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு?" என்னும் பழமொழியை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். பெண்கள் படித்து அதைப் பொய்யாக்கி வெகு நாளாயிற்று. ஆயினும் அப்பழமொழியில் இன்னொரு பிழையும் உண்டு. அடுப்பில் படிக்க ஒன்றுமில்லை என்று அது எண்ணிவிட்டது. மண்ணுள் புதைந்த பழங்கால அடுப்புகள், அரசர்களின் கோட்டைகளைப் போலவே போற்றிக் காக்கத் தக்கவை என்பது எங்கள் கருத்து.

எழுத்தறியாக் காலத்து மக்கள் தம் வாழ்வை மண்ணிலேயே எழுதிச் சென்றார்கள். பலமுறை தீ எரிந்த இடம் சுட்டுச் சிவந்திருக்கும். மேலே சாம்பலும் கரியும் படிந்திருக்கும். அதில் சிந்திக் கருகிய தானியம், கருகியதாலேயே மக்காமல் ஆயிரமாயிரம் ஆண்டுகள் நிற்கும். குடிசைக்கு நட்ட மரக்கால் உளுத்துப் போனாலும், அது நின்ற குழியில் நிறைந்த மண் வேறு நிறமாய்த் தெரியும். அத்தகைய குழிகள் வட்டமாய் அமைந்திருந்தால், அங்கே வட்டக் குடிசை ஒன்று இருந்ததென அறிகிறோம்.

திருப்பத்தூருக்கு அருகிலுள்ள பையம்பள்ளியில், 1960-களில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, புதிய கற்கால மக்களின் குழி வீடுகளும், கூரைக்குக் கால் நட்ட குழிகளும் வெளிப்பட்டன. கருகிய கொள்ளும் பச்சைப் பயறும் கிடைத்தன. நம் வீட்டில் இன்று கொதிக்கும் கொள்ளு ரசத்தின் பழைமையை எண்ணிப் பாருங்கள்!

நமது மாவட்டமும் குறைந்ததன்று. பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்திலுள்ள பொருந்தலில், பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் அகழாய்வு நடந்தது. ஈமக்குழி ஒன்றில், நான்கு கால் சாடியினுள் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 490 என ஆய்வில் கணிக்கப்பட்டது. இறந்தவருக்கும் உணவு வைத்து அனுப்பிய அன்பு அது. பழனி மலையின் கற்திட்டைகளை ஆராய்ந்து, இயேசு சபைக் குருக்களான ஆங்லேட், நியூட்டன் சுவாமிகள் எழுதிய நூல் 1928-லேயே வெளிவந்தது. அந்நியர் காட்டிய அக்கறையை அவ்வூர்களின் மக்களாகிய நாம் காட்ட வேண்டாமா?

அயர்லாந்து நாட்டு வயல்களில் தீயில் வெடித்த கற்களின் குவியல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. 1950-களில் ஓ'கெல்லி என்ற பேராசிரியர், சுட்ட கற்களைத் தொட்டி நீரிலிட்டுக் கொதிக்க வைத்து, இறைச்சியை வேகவைத்தே காட்டினார். வெறும் கற்குப்பை எனத் தோன்றும் அவற்றுக்கு இன்று அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு.

இங்கோ, நத்தமேடுகளின் மண் செங்கல் சூளைக்கும் வீட்டு மனைக்கும் லாரி லாரியாகப் போகிறது. ஏர் உழுது மேல் மண்ணைக் கிளறிய நாளில் அடியிலுள்ளது பிழைத்தது. மண் அள்ளும் இயந்திரமோ ஒரே பகலில் அடுப்பு, சாம்பல், கால்குழி அனைத்தையும் வாரிவிடும். கோயிலை இடித்தால் ஊர் திரளும். சாம்பல் படிந்த மண்ணுக்காக யார் குரல் கொடுப்பார்?

"வயிற்றுப் பிழைப்பு முக்கியமா, பழைய அடுப்பு முக்கியமா?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீடு கட்ட வேண்டாம், விவசாயம் செய்ய வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கறுப்பு சிவப்பு ஓடுகளோ, தாழியின் விளிம்போ தென்பட்டால், தோண்டுவதை நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள் என்றே வேண்டுகிறோம். மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டுமென 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமே கூறுகிறது.

மாணவியராகிய நமக்கும் கடமை உண்டு. உல்லாசப் பயணத்தில் அழகாயிருக்கிறதென்று மணியையோ ஓட்டையோ எடுத்து வரலாகாது. கிடந்த இடத்தை விட்டுப் பெயர்த்த பொருள், கிழித்தெடுத்த ஏடு போன்றது. விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது, பாட்டியிடம் ஊரின் மேடுகளுக்கும் பாறைகளுக்கும் வழங்கும் பெயர்களைக் கேட்டுக் குறித்து வருவோம். "பாண்டவர் வீடு", "குள்ளர் வீடு" என்ற பெயர்களுக்கு அடியில் பழங்கால ஈமச்சின்னம் இருக்கக்கூடும்.

அன்று சமைத்தவரின் பெயரை யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. அவர்களுக்கென எஞ்சிய கல்வெட்டு அந்தச் சாம்பல்தான். படித்த பெண்களாகிய நாம் அதைப் படிப்போம், அழியாமல் காப்போம்!