அடக்கப்பட்ட மரபணுவும் தொண்டைப் புற்றும்



புற்றுநோயைத் தூண்டும் மரபணு ஒன்றை அறிவியலார் அடக்கிவிட்டனர், தொண்டைப் புற்றின் உயிரணுக்கள் வளர்ச்சி குன்றின என்பது போன்ற செய்திகளை நாளிதழ்களின் மூலையில் நீங்கள் கண்டிருக்கக்கூடும். வீட்டுப் பெரியவர் ஒருவர் குரல் கம்மி மருத்துவமனைக்கு அலைந்துகொண்டிருக்கும் வேளையில், அந்த இரண்டு வரிகள் எத்துணை ஆறுதல் தரும்! ஆயினும் அவ்வரிகளின் பொருள் என்ன என்பதை நாம் அறிந்திருத்தல் நலம். கலைப்பிரிவில் பட்டம் பெற்ற எனக்கே இது விளங்கியதால், உங்களுக்கும் எளிதில் விளங்கும்.

அரிய கிதாபைப் பூட்டிய அலமாரியில் வைத்துவிட்டு, அதன் நகலை மட்டும் மாணவரிடம் கொடுப்பதுண்டு அல்லவா? உயிரணுவிலும் அவ்வாறே. மூலம் டி.என்.ஏ.; அது உட்கருவிலேயே இருக்கும். ஆர்.என்.ஏ. எனும் நகலே வெளியே சென்று புரதம் உருவாகச் செய்கிறது. தொண்டைப் புற்றுகள் பலவற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதம் அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகிறது. 'பெருகு, பெருகு' என்று உயிரணுவை ஓயாமல் ஏவுவது அதுதான்.

ஏறத்தாழ 21 எழுத்துகள் கொண்ட சிறு ஆர்.என்.ஏ. துண்டை உள்ளே செலுத்தினால், அது தனக்குப் பொருத்தமான நகலைக் கண்டு வெட்டச் செய்கிறது. மூலம் அழிவதில்லை; நகல்தான் கிழிகிறது. ஆகவே புதிய நகல்கள் வரவர, கிழிக்கும் வேலையும் தொடர வேண்டும். ஒரு புழுவில் இந்த முறையைக் கண்டு 1998இல் வெளியிட்ட ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வுக்கூடத் தட்டில் வளரும் புற்று உயிரணுக்களுக்கு இத்துண்டைக் கொடுத்து, பொருளற்ற வேறொரு துண்டு பெற்ற உயிரணுக்களோடு ஒப்பிடுவர். முன்னவை மெதுவாகப் பெருகும், சில மடியும். செய்தியில் வருவது பெரும்பாலும் இவ்வளவே. தட்டிலே நோயாளி இல்லை.

அத்தட்டில் இருப்பது தொண்டையின் உயிரணுதானா என்பதும் கேட்கத்தக்கது. ஹெப்-2 என்ற உயிரணு வரிசை, குரல்வளைப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டதாக 1950களில் அறிவிக்கப்பட்டது. பின்னர் சோதித்தபோது அது ஹீலா என்று தெரிந்தது. ஹீலா என்பது, பால்டிமோர் நகரில் 1951இல் கருப்பைவாய்ப் புற்றால் இறந்த ஹென்ரீட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியின் உயிரணு. அவர் அனுமதியின்றியே எடுக்கப்பட்டது. அதிவேகமாகப் பெருகும் அது, பிற தட்டுகளில் தவறிக் கலந்து அங்கிருந்தவற்றை விழுங்கிவிட்டது. பல வரிசைகள் இவ்வாறு ஹீலாவாக மாறியிருப்பதை ஸ்டான்லி கார்ட்லர் 1966லேயே எடுத்துரைத்தார். அதன் பின்னரும் ஹெப்-2வைக் குரல்வளைப் புற்றென்றே எழுதிய ஆய்வுகள் பற்பல! பெயர்ச்சீட்டை நம்பியதால் வந்த வினை. தொண்டையிலிருந்தே வந்த ஃபாடு போன்ற வரிசைகளும் உண்டு. அவற்றில் கண்ட முடிவுக்கு மதிப்பு அதிகம்.

இனி, தட்டில் ஊற்றுவது எளிது. உடம்பில் கட்டியைத் தேடிச் சேர்ப்பது கடினம். இரத்தத்தில் இத்துண்டுகள் விரைவில் சிதைந்துவிடும். கொழுப்புத் துகளில் பொதிந்து கல்லீரலுக்கு அனுப்பும் வழி கைகூடியதால், 2018இல் பாட்டிசிரான் என்ற முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அது பரம்பரையாக வரும் ஒரு நரம்புக் கோளாறுக்கானது. அதன்பின் வந்தவற்றுள்ளும் புற்றுநோய்க்கென அமைந்தது ஒன்றுமில்லை.

அதே ஈ.ஜி.எஃப்.ஆர். புரதத்தை வெளிப்புறத்திலிருந்து தடுக்கும் செடுக்ஸிமாப் என்ற ஊசிமருந்து, 2006 முதல் தலை, கழுத்துப் புற்றுகளுக்குப் பயன்பட்டு வருகிறது. அறுவையும் கதிர்வீச்சும் இன்றும் முதன்மையானவை. ஆகவே, "புது மருந்து வரட்டும், அதுவரை பொறுப்போம்" என்று வீட்டார் எவரேனும் சொன்னால் இணங்காதீர்கள். குரல்நாண் புற்று தொடக்கத்திலேயே தென்பட்டால் பெரும்பாலோர் குணமடைகின்றனர். குரலும் பெரும்பாலும் தப்பும். பாங்கு சொல்வோரும் ஆசிரியரும் தொண்டைக் கட்டைத் தொழிலின் கூலி என்று தள்ளிவிடுவது வழக்கம். மூன்று வாரங்கள் கடந்தும் கம்மல் தெளியாவிடில், குறிப்பாகப் புகைபிடிப்பவராயின், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று குரல்வளையைக் குழாய்க் கருவியால் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.