உலா வருவோம் இரு சக்கரத்தில்!

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

மோட்டார் சைக்கிள் என்றால் நம் வீடுகளில் அது ஓர் உழைப்பாளி. காலையில் அப்பாவை அலுவலகத்திற்குச் சுமக்கிறது. மாலையில் அரிசி மூட்டையைச் சுமக்கிறது. மழை நாளில் எங்களைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுகிறது. இவற்றையெல்லாம் யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் அதே வண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை ஏதுமின்றிச் சும்மா சுற்றிவரப் புறப்பட்டால் மட்டும், “பெட்ரோலுக்குப் பிடித்த கேடு!” என்று பாட்டிமார் முணுமுணுக்கிறார்கள். “பெண் பிள்ளைகளுக்கு ஊர் சுற்றல் எதற்கு?” என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். உலா என்பது வீண் செலவா? அது பெண்களுக்கு ஆகாததா? இல்லை என்பதே எங்கள் கருத்து.

ஜெர்மனியில் 1885-ஆம் ஆண்டில் டைம்லர், மேபாக் என்னும் இருவர் மரச்சட்டத்தில் ஓர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தார்கள். பெட்ரோலில் ஓடும் மோட்டார் சைக்கிளின் கதை அங்கே தொடங்குகிறது. சென்னைத் திருவொற்றியூரில் 1955-இல் என்ஃபீல்டு தொழிற்சாலை தோன்றியது; அதன் ‘புல்லட்’டின் ஓசை ஊரெங்கும் கேட்டது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் அமரத்தக்க அந்தச் சிறு வண்டி, பெரிய வண்டி வாங்க இயலாத வீடுகளுக்கும் ஊர் எல்லையைத் தாண்டும் வழியைக் காட்டியது. இருவர் அமரத் தக்கது என்பதைக் கவனியுங்கள். பின்னிருக்கை ஒன்று வந்ததும் வண்டி குடும்பத்திற்கு உரியதாகிவிட்டது.

சேலத்தில் வாழும் எங்களுக்கு உலா என்றாலே ஏற்காடுதான். அடிவாரத்தைத் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வருகின்றன. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்று புவியியலில் படிக்கிறோம். தேர்வுக்காக மனப்பாடம் செய்த அந்தப் பாடம், பத்தாவது வளைவில் கன்னத்தில் வந்து தொடுகிறது! கோடை மழைக்குப் பின் காப்பிச் செடிகள் பூத்திருந்தால் மல்லிகை போன்ற மணம் வழியெங்கும் கூடவே வருகிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடிகள் சுற்றிக்கொண்டு நிற்கின்றன. பேருந்தில் சன்னலோர இடத்திற்குச் சண்டை உண்டு. மோட்டார் சைக்கிளில் எல்லா இடமும் சன்னலோரம்தான். அழகான இடம் கண்டால் நினைத்த மாத்திரத்தில் நிறுத்தலாம். கட்டிவந்த புளிச்சோற்றைப் பாறை நிழலில் பிரிக்கலாம். எந்நேரமும் வேலையாக இருக்கும் பெற்றோர், அரை நாள் முழுதும் எங்களுக்கே உரியவர்களாக இருக்கிறார்கள். இந்த ஆதாயத்தோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று லிட்டர் பெட்ரோல் ஒரு செலவா, பாட்டி?

நண்பர் குடும்பங்களும் சேர்ந்துகொண்டால் மகிழ்ச்சி இரட்டிப்பாகும். நான்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் மேட்டூருக்குப் போவதை எண்ணிப் பாருங்கள். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அணையைப் பார்ப்பது பாதி இன்பம் என்றால், அங்கே சுடச்சுட வறுத்த மீனைப் பங்கிட்டு உண்பது மீதி இன்பம்! இப்படிக் கூட்டாகச் செல்லும்போது யார் முந்துவது என்ற போட்டி கூடாது. எல்லாரிலும் மெதுவாகச் செல்பவரின் வேகமே அனைவரின் வேகமாக வேண்டும். ஒருவர் பின்தங்கினால் மற்றவர் ஓரமாய் நின்று காத்திருக்க வேண்டும். வகுப்பறையில் சொல்லித் தரும் ஒற்றுமையைச் சாலை வேறு விதமாகச் சொல்லித் தருகிறது.

“பெண்களுக்கு எதற்கு?” என்போருக்கு வரலாறே விடை கூறுகிறது. அமெரிக்காவில் 1916-ஆம் ஆண்டில் அகஸ்டா, அடலைன் வான் பியூரன் என்னும் சகோதரிகள் ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டு மேற்குக் கரையை அடைந்தார்கள். நல்ல சாலைகள் அரிதாயிருந்த காலம் அது! தெரசா வாலக், புளோரன்ஸ் பிளென்கிரன் என்னும் இரு தோழியர் 1934-இன் இறுதியில் லண்டனிலிருந்து கிளம்பி, சகாரா பாலைவனத்தைக் கடந்து, 1935-இல் ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுனை அடைந்தார்கள். முன்னவர் உடன்பிறந்தோர், பின்னவர் நண்பர்கள். குடும்பத்தோடும் நட்போடும் செல்லும் பயணத்தின் பெருமைக்கு வேறு சான்று வேண்டுமா?

ஆனால் அன்புப் பெற்றோரே, நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். ஞாயிறு மாலையில் நம் தெருவில் செல்லும் வண்டிகளைச் சற்று உற்றுப் பாருங்கள். அப்பாவின் தலையில் கவசம். அம்மாவின் தலையில் மல்லிகைச் சரம். தம்பி பெட்ரோல் டாங்கின் மேல். தங்கை இருவருக்கும் நடுவில். விழுந்தால் அப்பாவின் தலை மட்டும்தான் உடையுமா? மற்ற மூன்று தலைகளும் இரும்பால் ஆனவையா?

பின்னால் அமர்ந்திருப்பவர் மூட்டை அல்லர். வளைவில் வண்டி சாயும்போது அவரும் அதே பக்கம் சாய்ந்தால்தான் வண்டி நிலைதவறாமல் திரும்பும். அவரும் சேர்ந்தே வண்டியை நடத்துகிறார். ஆபத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. அப்படியிருக்கப் பாதுகாப்பில் மட்டும் பங்கு இல்லாமல் போவது என்ன நியாயம்? தலைக்கவசம் உயிரிழப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறது. 2019-இல் திருத்தப்பட்டபோது, நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று வகுத்தது; தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் சிறிய குழந்தைகளுக்கு, ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், 40 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் 2023 முதல் விதியாகியுள்ளன. சேலை சக்கரத்தில் சிக்காதிருக்க ‘சாரி கார்டு’ பொருத்த வேண்டும் என்பதும் விதியே. அழகு குறைகிறது என்று அதைக் கழற்றி வைக்கும் அண்ணன்மார் இதைக் கேட்பார்களாக!

“பூ நசுங்கிவிடும், வியர்க்கும்” என்று தாய்மாரே கூறுகிறார்கள். அம்மா, பூவை மலைமேல் சென்று சூடிக்கொள்ளலாம். தலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. “நால்வர் உள்ள குடும்பம் என்ன செய்வது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சித்தப்பாவையோ மாமாவையோ அவர்கள் வண்டியோடு அழைத்துச் செல்லலாம். அதற்கு வழியில்லை என்றால் இந்த ஞாயிறு அக்காவும் அடுத்த ஞாயிறு தம்பியும் போகலாம். நால்வரும் சேர்ந்தே போக வேண்டுமானால் பேருந்து இருக்கிறது. ஒரு வாரம் காத்திருப்பதால் ஏற்காடு எங்கும் ஓடிவிடாது.

கைப்பிடியைப் பற்றியும் ஒரு சொல். கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்டப் பதினெட்டு வயது நிறைந்து உரிமம் பெற வேண்டும். அதற்குமுன் பிள்ளைகள் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. ஆகையால் நாங்கள் சாவியைக் கேட்கவில்லை, காத்திருக்கிறோம். ஆனால் அந்த நாள் வரும்போது, அண்ணனுக்கு மைதானத்தில் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தீர்களே, அதே பொறுமையோடு எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள் என்று இப்போதே கேட்டு வைக்கிறோம். அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் அவருக்கும்தான்! ஓட்டத் தெரிந்த பெண்ணுக்கு அவசர நேரத்தில் யாரையும் எதிர்பார்த்து நிற்கும் நிலை வராது.

தோழியரே, நம் பங்கிற்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை அப்பா வண்டியை எடுக்கும்போது, “அம்மாவின் கவசம் எங்கே?” என்று கேட்போம். ஒரு நாள் சிரிப்பார், மறுநாள் சலித்துக்கொள்வார், மூன்றாம் நாள் வாங்கி வருவார். பெற்றோரே, பிறந்தநாளுக்குப் புதுப் பாவாடை வேண்டாம். எங்கள் தலைக்குப் பொருந்தும் கவசம் ஒன்று போதும். அதன்பின் எந்தத் திசையில் வேண்டுமானாலும் அழைத்துச் செல்லுங்கள்; அச்சமின்றிப் பின்னால் அமர்ந்து வருகிறோம். உலா வருவோம்; போனவர் அனைவரும் நலமாய் வீடு திரும்புவோம்!