சொல்லாமல் வர வேண்டும்: இல்லங்களின் ஆய்வு குறித்து எங்கள் நிலைப்பாடு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து இல்லங்களில் தாயையோ தந்தையையோ உடன்பிறந்தவரையோ சேர்த்திருக்கும் குடும்பத்தினரும், ஓய்வுபெற்ற செவிலியர் சிலரும் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் இல்லம், மனநலக் காப்பகம் ஆகியவற்றை அரசு எப்படி ஆய்வு செய்ய வேண்டும் என்பதில் எங்கள் நிலைப்பாடு இது: முன்கூட்டிச் சொல்லாமல் வர வேண்டும். எல்லாத் துறையும் ஒரே குழுவாக வர வேண்டும். தங்கியிருப்பவர்களிடம் தனியே பேச வேண்டும். கண்டதை எழுதி வாசலில் ஒட்ட வேண்டும்.

தமிழ்நாட்டை உலுக்கிய இல்லச் சம்பவங்கள் எப்படி வெளியே வந்தன என்று பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உரிமம் இல்லாமல் காப்பகம் நடத்தக் கூடாது என்று சொன்ன 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அன்றைக்கும் இருந்தது. ஏர்வாடிக் காப்பகங்களும் ஒளிந்து நடக்கவில்லை, ஊரறிய நடந்தன. 2018 பிப்ரவரியில் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்து இல்லத்தின் வேனில் ஒரு சடலத்தோடும் காய்கறி மூட்டைகளோடும் ஏற்றிச் செல்லப்பட்ட மூதாட்டி கூச்சலிட்டார். சாலையில் போனவர்கள் வண்டியை மறித்தார்கள். இல்லத்தார் குற்றச்சாட்டுகளை மறுத்தார்கள். ஆனால் அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தது அந்தக் கூச்சலுக்குப் பிறகுதான். 2022 அக்டோபரில் திருப்பூர் அருகே திருமுருகன்பூண்டியில் இல்லத்து உணவைச் சாப்பிட்ட மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தில் சேர்த்த முதியவரைக் காணவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. அதைத் தொடர்ந்து 2023 பிப்ரவரியில் நடந்த சோதனையில்தான் அந்த இடம் உரிமம் இல்லாமல் நடப்பது தெரிந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள்.

தீ, கூச்சல், சாவு, நீதிமன்ற மனு. இந்த நான்கும் செய்த வேலையை முறையான ஆய்வு முன்னதாகவே செய்திருக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒன்று நடக்கவில்லை என்பதால் நாங்கள் நிம்மதியாக இல்லை. சென்னைக்குள் இடம் கிடைக்காத இல்லங்கள் வாடகை மலிவாக உள்ள புறநகரைத் தேடி வருகின்றன. குடும்பத்துக்காகக் கட்டிய மாடி வீட்டில் கட்டில்களை நெருக்கிப் போட்டு, படிக்கட்டுக்கு கிரில் கதவு வைத்தால் அது இல்லமாகிவிடுகிறது. மேற்பார்வையோ பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. 2018-இல் அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே உள்ளன. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் மண்டலம், ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. காவல்துறைக்கு மட்டும் மூன்றும் ஆவடி ஆணையரகம். திருமுல்லைவாயிலில் ஒரு இல்லத்தைப் பற்றிப் புகார் சொல்லப் போகிறவர் முதலில் எந்தக் கலெக்டர் அலுவலகத்துப் படி ஏறுவது என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

துறைகளும் அப்படித்தான். முதியவர் என்றால் சமூக நலத்துறை. கை கால் முடங்கியவர் என்றால் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. மனநோய் என்றால் மாநில மனநல ஆணையம். எண்பது வயதில் பக்கவாதம் வந்து, நினைவும் தப்பிப்போன ஒரு அம்மா இந்த மூன்றில் யாருடைய பொறுப்பு? அந்த அம்மாவைப் போன்றவர்கள்தான் இன்று இல்லங்களில் நிறைய இருக்கிறார்கள். ஒவ்வொரு துறையும் தன் பதிவேட்டைப் பார்த்துவிட்டுப் போகிறது. முழு மனிதரைப் பார்க்க யாரும் இல்லை. ஆகவேதான் ஒரே குழு என்கிறோம். சமூக நலத்துறை அலுவலர், செவிலியர் அல்லது மருத்துவர், தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர், உணவுப் பாதுகாப்பு அலுவலர், இவர்களோடு இல்லத்தோடு தொடர்பில்லாத ஒரு மூத்த குடிமகன் அல்லது குடும்பத்தவர். இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து இந்த வட்டாரத்துக்கென அப்படி ஒரு குழுவை அமைக்க வேண்டும்.

இது புதிய யோசனையும் இல்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு, குழந்தைகள் இல்லங்களுக்குக் குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும் என்கிறது. அதில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவ அலுவலராகவும் இருக்க வேண்டும், போய் வந்த ஒரு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். முதியோருக்கு இதற்கு இணையான பாதுகாப்பு இல்லை. 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கும் அரசு இல்லம் பற்றிப் பேசுகிறது; தனியார் இல்லங்களின் பதிவை அது கட்டாயமாக்கவில்லை. கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, நிறைவேறாமலே அந்த மக்களவையின் காலம் முடிந்தது. 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்து நாம்தான். டெல்லிக்காகக் காத்திராமல் மாநில அரசே தனிச்சட்டம் கொண்டுவர வேண்டும்.

ஆய்வில் எதைப் பார்ப்பது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். எங்கள் செவிலியர்களுக்கு இதில் வாழ்நாள் அனுபவம் உண்டு. சான்றிதழ்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். அவற்றை வாசிக்கும் முன் படுக்கையில் கிடப்பவரை ஒருக்களித்துத் திருப்பி முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பாருங்கள். தானாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத இல்லத்தைப் படுக்கைப் புண் காட்டிக் கொடுத்துவிடும். போன மாத எடையையும் இந்த மாத எடையையும் கேளுங்கள். நகத்தைப் பாருங்கள், நாக்கு வறண்டிருக்கிறதா என்று பாருங்கள். பகல் பதினொரு மணிக்கு எல்லோரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தால் மருந்துப் பெட்டியைத் திறந்து, தூக்க மாத்திரையை எந்த மருத்துவர் யாருக்கு எழுதினார் என்று சரிபாருங்கள். கட்டிலின் கம்பியில் துணிக் கட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. சங்கிலி போய்ப் பழம்புடவை வந்தால் அதையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பகலில் நான்கு ஆயாக்கள் இருக்கும் இடத்தில் இரவில் ஒருவர் இருக்கலாம், அவரும் பகல் முழுக்க வேலை பார்த்தவராக இருக்கலாம். மாடிக் கிரில் பூட்டின் சாவி யார் இடுப்பில் இருக்கிறது, அவர் எந்தத் தளத்தில் தூங்குகிறார்? தீப்பிடித்தால் நடக்க முடியாதவர்களை யார், எந்த வழியாக இறக்குவது? இந்தக் கேள்விகளுக்குப் பகல் ஆய்வில் பதில் கிடைக்காது. ஆண்டுக்கு ஒரு முறையாவது இரவு ஆய்வு கட்டாயம் வேண்டும்.

பணத்தையும் பார்க்க வேண்டும். ஓய்வூதியம் வரும் வங்கிப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் யார் கையில் இருக்கின்றன, இறந்தவர்களின் பதிவேட்டில் யாருக்கு எப்போது தகவல் சொன்னதாக எழுதியிருக்கிறது என்று கேட்பது அதிகாரியின் கடமை. பேசக்கூடிய நிலையில் இருப்பவரிடம் நிர்வாகி பக்கத்தில் நிற்காமல் பேச வேண்டும். "சாப்பாடு எப்படிம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டால், "நல்லாயிருக்குப்பா" என்பதைத் தவிர வேறென்ன சொல்வார் அந்த அம்மா? இன்றிரவும் அவர் அங்கேதான் படுக்க வேண்டும்.

தேதி சொல்லிவிட்டு வரும் ஆய்வில் இவை எதுவும் தெரியாது. அன்றைக்குப் புதுப் போர்வை விரிக்கப்படும், பாயசம் வைக்கப்படும், கூடுதல் ஆட்கள் வந்து நிற்பார்கள். அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி முதியோர் பராமரிப்பு நிலையங்களின் ஆய்வு முன்னறிவிப்பில்லாமல் நடக்க வேண்டும். ஒரு ஆய்வுக்கும் அடுத்ததற்கும் 15 மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. தேதியை முன்கூட்டிச் சொல்லிக் கொடுப்பவருக்கு அந்தச் சட்டம் 2,000 டாலர் வரை அபராதம் வைத்தது. இங்கேயும் தகவலைக் கசியவிடுபவர் மீது நடவடிக்கை எடுக்கும் விதி வேண்டும். இங்கிலாந்தில் பராமரிப்புத் தர ஆணையம் ஒவ்வொரு இல்லத்தையும் நான்கு நிலைகளில் தரப்படுத்துகிறது. அந்தத் தரத்தை 2015 முதல் இல்லத்தார் தங்கள் வாசலிலேயே கண்ணில் படும்படி வைக்க வேண்டும். நம் ஊரில் பெற்றவரைச் சேர்க்க வரும் பிள்ளைகளுக்குக் கிடைப்பது துண்டு விளம்பரமும் தெரிந்தவர் சொல்லும் வார்த்தையும்தான். ஆய்வு முடிந்த ஏழு நாளில், தமிழில், குறையும் நிறையும் சேர்த்து, வாசலில் ஒட்டச் சொல்கிறோம்.

குறை கண்டவுடன் சீல் வைப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. எங்களில் சிலர் இதை ஏற்க நீண்ட நேரம் விவாதித்தோம். ஏர்வாடித் தீக்குப் பின் ஒரு வாரத்தில் அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். நினைவு தப்பியவரை ஒரே இரவில் வேனில் ஏற்றி வேறு மாவட்டத்தில் இறக்குவது அவர் உடலையும் மனதையும் முறிக்கும். உயிருக்கு ஆபத்து, அடி, பாலியல் வன்முறை, கட்டி வைத்தல் ஆகியவற்றில் அன்றைக்கே நடவடிக்கை வேண்டும். மற்றவற்றில் எழுத்தில் கெடு, மறு ஆய்வு, பிறகும் திருந்தாவிட்டால் அரசே தற்காலிகமாக நிர்வாகத்தை ஏற்பது. மூடித்தான் ஆக வேண்டும் என்றால், ஒவ்வொருவரும் எங்கே போகிறார் என்று குடும்பத்துக்குச் சொல்லி, மருந்துச் சீட்டோடும் உடைமைகளோடும் அனுப்பிய பிறகே மூட வேண்டும்.

இத்தனை விதி வைத்தால் கையில் காசில்லாமல் சேவை செய்யும் சிறு இல்லங்கள் மூடிப்போகும் என்று நிர்வாகிகள் சிலர் எங்களிடம் சொன்னார்கள். தெருவில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்து குளிப்பாட்டிச் சோறு போடுபவர்களை நாங்கள் அறிவோம். அவர்கள் மேல் எங்களுக்குப் பெரு மதிப்பு உண்டு. சாய்தளம் கட்டவும் இரவுப் பணிக்கு ஆள் போடவும் அத்தகைய இல்லங்களுக்கு அரசு மானியம் தர வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கையே. ஆனால் இலவசமாகப் பராமரிக்கப்படுபவருக்குப் படுக்கைப் புண் வரலாம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டோம்.

புகார் சொன்ன குடும்பத்தைப் பார்த்து, "உங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லும் வழக்கம் நிற்க வேண்டும். புகார் விசாரணையில் இருக்கும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்பதைப் பதிவு நிபந்தனையாகவே சேர்க்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண் ஒவ்வொரு அறையிலும் படுத்திருப்பவர் கண்ணில் படும் உயரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், அழைக்க ஒரு தொலைபேசியும் வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பல தெருக்களில் தண்ணீர் நின்றது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன்பே முதல் சுற்று ஆய்வை, அன்று தண்ணீர் புகுந்த தெருக்களில் தரைத்தளத்தில் படுக்கை நோயாளிகளை வைத்திருக்கும் இல்லங்களிலிருந்து தொடங்குமாறு சென்னை, திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். குழுவில் சேர எங்கள் செவிலியர்கள் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறார்கள். இரவு ஆய்வுக்கும் வருவார்கள்.